ஏழு மூட்டை வெள்ளைப் பொடி

மாசி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால். வானத்தில் மேகம் இல்லை. பனி முழுதாக விடவில்லை. பேட்டைப் பக்கமிருந்து வந்த காற்றில் மிளகாய் நெடி இருந்தது. லாரி எங்கள் தெரு முனையில் வந்து நிற்பதற்குள் நான் ஒன்பது தும்மல் போட்டிருந்தேன். அந்த லாரி முந்தின நாளே வந்திருக்க வேண்டியது. சனிக்கிழமை இரும்பை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது என்று அப்பா அதைத் திருமங்கலத்திலேயே ஒரு ராத்திரி நிறுத்திவைத்திருந்தார்.

இதை நம் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என்றால் விறகடுப்பு, ஊதாங்குழல் என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. என் மருமகளின் அடுப்பில் தீயே கிடையாது. ஒரு கண்ணாடிப் பலகை, ஐந்து பொத்தான்கள். நான் கஞ்சி சுடவைக்கப் போனால் நான்கு தடவை கத்தும். ஐந்தாவது தடவை யாராவது வந்து, "நீங்க போங்க, நான் வச்சுத் தாரேன்" என்பார்கள். அப்படி விரட்டப்பட்டு வந்து உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் அந்த இரும்பு அடுப்பைப் பற்றி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அப்பாவுக்கு விருதுநகர் பேட்டையில் மிளகாய், மல்லி கமிஷன் மண்டி. வீட்டின் முன்பாதி அங்கே கொள்ளாத மூட்டைகளுக்கு, பின்பாதி எங்களுக்கு. எங்களுக்கு என்றால் அப்பா, அம்மா, பதினான்கு வயது அக்கா, பத்து வயது நான். முன்னால் மிளகாய் நெடி, பின்னால் விறகுப் புகை. இரண்டுக்கும் நடுவில் அம்மாவுக்கு இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். காலையில் அடுப்பு பற்றவைத்ததிலிருந்து என் தட்டில் இட்லி விழும்வரை அவள் இருமுவதை எண்ணுவேன். நாற்பதுக்குக் குறைந்த நாள் இல்லை.

டாக்டர் அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். புகை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த அம்மாவைப் புகையில்லாத இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி மூன்று நாள் பார்த்தோம். அந்த வாடைக்கு இழுப்பு கூடியது. தூத்துக்குடியில் மாமா வீடு இருந்தது. கடல் காற்று, சமைக்க ஆள், அம்மாவுக்கு வேலையே கிடையாது. எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள் வழி பிறக்கவில்லையென்றால் அம்மா அங்கே போய்விடுவது என்று முடிவானது. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் அக்காவும் போவதாகப் பேச்சே இல்லை, பள்ளிக்கூடம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்பா ஏலக்காய் பார்க்க மலைக்குப் போனார். அங்கே ஒரு தோட்டத்து மானேஜர் துரை சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. சமையலறையில் அப்பா அந்த அடுப்பைப் பார்த்தார். திரும்பி வந்து, சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்காமல் பேசினார்.

"தீ ஒரு தேங்கா அளவுதான் இருக்கு. அதச் சுத்தி அம்புட்டும் இரும்பு. சூட்ட அந்த இரும்பு குடிச்சு வச்சுக்கிடுது. நாம பானைய வச்சா குடுக்குது. காலைல ஒரு வாளி கரி, சாயங்காலம் ஒரு வாளி கரி. வருசம் பூராவும் அணைக்கவே வேண்டாம்."

"அணைக்கவே வேண்டாமா? அப்போ வீடு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் அம்மா.

"அதான் இல்ல. ஒரு பூனை அது மேல சாஞ்சு தூங்கிக்கிட்டு இருக்கு. நான் கை வச்சுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருக்கு, அவ்வளவுதான்."

"புகை?"

"பொட்டுப் புகை கெடையாது."

அம்மா குழம்பை ஊற்றினாள். அப்பா அடுப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார்.

லாரியிலிருந்து இறங்கியதை நான் எண்ணினேன். வார்ப்பிரும்புத் துண்டுகள் முப்பத்தொன்று. பளபளவென்று இரண்டு உருண்டை மூடிகள். கவிழ்த்த உருளிபோல் இருந்தன. சாம்பல் வாரும் கரண்டி ஒன்று. கடைசியாக ஏழு சாக்கு மூட்டைகள்.

எங்கள் மண்டியில் சுமை தூக்குகிற ஐந்து பேரில் ஒருவர் முதல் மூட்டையைத் தோளில் போட்டுவிட்டுச் சிரித்தார். "மொதலாளி, ஆளு பெருசு, எடையே இல்லயே. பஞ்சா?" இறக்கும்போது வாய் அவிழ்ந்தது. மாவைவிட மெல்லிய வெள்ளைப் பொடி கிளம்பி, விழாமல் மிதந்தது. சிரித்தவர் முகம் மாறியது. முன்னே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். "ஏலே, பீடிய அணைலே!" என்று லாரிக்காரரைப் பார்த்துக் கத்தினார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

சித்தப்பா அன்றைக்கு வீட்டில் இருந்தார். எம். புதுப்பட்டி பக்கம் எட்டு ஷெட் வைத்துப் பட்டாசுக் கம்பெனி நடத்தியவர். அடுப்பைப் பார்க்க வந்தவர் பொடியைப் பார்த்தார். இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தார். மோந்தார்.

"அண்ணே, இது பாறைக்கு வைக்கிற வெடியில கலக்குற வெள்ள மண்ணு. குவாரிக்காரன் எங்கிட்ட காட்டிருக்கான். தோட்டத்துல பாறை ஒடைக்க வச்சிருந்ததயும் சேத்து லோடுல ஏத்திவிட்டுட்டான்."

"அடுப்புகூட எதுக்குலே வெடி மருந்து வருது?"

"ஏலத்துல ஒண்ணா அள்ளிப் போட்ருப்பான். மிளகாய்ல எது நல்ல சரக்குன்னு நான் உங்ககிட்டதான கேக்கேன்? மருந்துன்னா நீங்க என்கிட்ட கேளுங்க."

எங்கள் பக்கத்தில் பட்டாசுக்காரர் ஒரு பொடியைப் பார்த்து 'மருந்து' என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. கெட்டுப்போன மருந்தைக் கம்பெனியில் என்ன செய்வார்களோ அதையே சித்தப்பா செய்தார். பின்வாசலில் சுண்ணாம்பு நீற்றுவதற்குச் செங்கல் கட்டிய ஒரு குழி இருந்தது. ஏழு மூட்டையையும் அதில் கொட்டச் சொல்லி, கிணற்றிலிருந்து இருபத்திரண்டு குடம் தண்ணீர் ஊற்றவைத்தார். பலகை போட்டு மூடினார். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. அம்மா அவருக்கு இரண்டு தடவை காப்பி கொடுத்தாள்.

அடுப்பைப் பூட்ட ரயில்வே பிட்டர் ஒருவர் மூன்று நாள் வந்தார். உள்பெட்டிக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் காலி இடம் இருந்தது. அது எதற்கு என்று அப்பா கேட்டார். "காத்தோட்டத்துக்குத்தான் அண்ணாச்சி" என்றார் பிட்டர். அப்பா தலையாட்டினார். ஒருமுறை சுட்டெடுத்த, புகையாத நிலக்கரியை ஸ்டேஷன் பக்கமிருந்து வரவழைத்துத் தீ மூட்டினார்கள்.

ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். மறுநாள் காலை அம்மா பால் பாத்திரத்தை வைத்தாள். ஐம்பது நிமிடம் ஆயிற்று. பால் ஓரத்தில் மட்டும் நுரைத்தது. அரிசி வேகாமல் ஊறிக்கொண்டிருந்தது. ஆனால் அடுப்பின் பக்கவாட்டில் நிற்க முடியவில்லை. இரண்டு வாளி போதும் என்ற கரி ஐந்து வாளி போயிற்று. சமையலறைச் சுவரில் சுண்ணாம்பு வெடித்து உதிர்ந்தது. மூன்றாம் நாள் வெளித்தகட்டில் பட்டு அம்மாவின் முழங்கைக்குக் கீழே ஆறு அங்குலத்துக்குத் தோல் வழன்றுவிட்டது.

"மூடிய தூக்கித் தூக்கிப் பாக்காத. சூடு அம்புட்டும் போயிரும்" என்றார் அப்பா.

"மூடியத் தூக்காம எப்படிச் சமைக்கிறது? மேல வச்சா சோறு வெந்துருமா?"

"துரை வீட்டுல சமைக்கலயா?"

"அந்தத் துரைச்சாணிய வரச் சொல்லுங்க. நானும் கத்துக்கிடுதேன்."

அக்கா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

எங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும் என்று, அப்பா மண்டிக்குக் கிளம்பியதும் அம்மா பின்வாசலில் மூன்று கல்லைக் கூட்டி விறகு வைக்க ஆரம்பித்தாள். ஒரு வாரம் இது நடந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட வந்த அப்பா அவளைக் கடந்து போகும்போது நின்றார்.

"தலையில புகை வாடை அடிக்கி."

"பிள்ளைக பட்டினியா போகவா?"

"இந்தா பாரு, உனக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போகணும். அத நேராச் சொல்லு. அதுக்கு எதுக்கு அடுப்பு மேல பழியப் போடுத?"

அம்மா பதில் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து, வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே மாமாவுக்குக் கடிதம் போட்டார், பொங்கல் முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி. பொங்கலுக்குப் பதினாறு நாள் இருந்தது. இந்த வயதில் எனக்கு அப்பாமேல் கோபம் வருவதில்லை. மலையில் அந்த அடுப்பு வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருந்தார். இங்கே வேலை செய்யவில்லை. நடுவில் மாறியது ஆள் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அம்மா வேறு விதமாக யோசித்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்து, கையில் கட்டுத் துணியை மாற்றிக்கொண்டே எங்களிடம் சொன்னாள்.

"அங்கன பூனை சாஞ்சு தூங்குச்சுன்னு அப்பா சொன்னாகள்ல? இங்கன சாஞ்சா எனக்கே தோலு உரியுது. அப்போ அங்கன இருந்த ஏதோ ஒண்ணு இங்கன இல்ல. ஏலே, லாரியில என்னென்ன வந்துச்சு, சொல்லு."

சொன்னேன். இரும்பு முப்பத்தொன்று, மூடி இரண்டு, கரண்டி ஒன்று, மூட்டை ஏழு.

"இப்போ வீட்டுல இல்லாதது எது?"

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

குழிப் பலகையை அன்றைக்கே எடுத்தோம். செங்கல் குழியானதால் மண் கலக்கவில்லை. பொடி கெட்டித் தயிராக அடியில் உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் கூடை கூடையாக அள்ளி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். அம்மா ஒவ்வொரு நடைக்கும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். வழக்கமாக வற்றல் காயும் இடத்தில் அந்த வெள்ளைச் சேற்றைப் பரப்பினோம். பங்குனி வெயில். இரண்டாம் நாள் மத்தியானம் ஓரங்கள் பாளம் பாளமாக வெடித்து, பொடி காற்றில் பறக்க ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு அத்தை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னளா காயப் போட்ருக்கீக, கூழ் வத்தலா?" என்று அக்காவைக் கேட்டாள். அக்காவுக்குப் பொய் வராது. "இல்லத்த, சித்தப்பா வெடி மருந்துன்னு சொன்னாகள்ல, அது."

அத்தை இறங்கி ஓடிய சத்தம் எங்களுக்குக் கேட்டது.

பட்டாசு ஊர்களில் மருந்து அரைக்கும்போது பயப்படுவார்கள். கலக்கும்போது இன்னும் பயப்படுவார்கள். வெயிலில் காயும்போது அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள். கால் மணி நேரத்தில் தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. மண்டியிலிருந்து அப்பா வந்தார். அன்றைக்கு மண்டிக்கு வந்திருந்த சித்தப்பா செருப்பில்லாமல் அவர் பின்னால் ஓடிவந்தார். மாடிப்படியின் அடியிலேயே நின்றுவிட்டார்.

"மதினி, அங்கன எதையும் மிதிச்சிராதீக. அப்படியே மெல்ல எறங்கி வந்துருங்க. காயப் போடுறதுலதான் ஆளு போகுது மதினி! என் கம்பெனில போன வருசம் ரெண்டு பேரு போனதும் காயப் போட்டதுலதான்."

"இது மருந்து இல்ல, தம்பி."

"நீங்க எத்தன வருசம் கம்பெனி நடத்துனீக?"

"மருந்துன்னா தீயில போட்டாத் தெரிஞ்சிரும்ல?" என்றபடி அம்மா இறங்கி வந்தாள். வலது கை மூடியிருந்தது. விரலிடுக்கில் வெள்ளையாக உதிர்ந்தது. அவள் யாரையும் பார்க்காமல் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காலடிச் சத்தம்தான். அப்பா ஒரு கையில் என்னையும் மறு கையில் அக்காவையும் மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு தெரு முனைவரை ஓடினார். என் மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது. முனையில் நின்று எண்ணினேன், இருபத்துமூன்று பேர். அப்பா வீட்டைப் பார்த்து, "வெளிய வந்துரு! ஏய், வெளிய வந்துரு!" என்று கத்தினார். ஓர் அடி எடுத்து வைத்தார். அப்புறம் எங்கள் கைகளைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"மூணு தடவை அள்ளிப் போட்டுட்டேன். ஒண்ணும் ஆகல. தீதான் அவிஞ்சு போச்சு."

முதலில் சிரித்தது, முன்பு பீடியை அணைக்கச் சொல்லிக் கத்திய அந்தச் சுமை தூக்குகிறவர். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு முன்னால் வீட்டை நோக்கி நடந்த அப்பா, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான்தான் போட்டுப் பாக்கச் சொன்னேன்."

அம்மா அதைக் கேட்டாள். அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கை கழுவ உள்ளே போனாள்.

சித்தப்பா சொன்னது பொய் இல்லை என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடு படிந்து உண்டாகும் மண் அது. பாறை வெடி செய்கிறவர்கள் தங்கள் மருந்தை ஊறவைக்க அந்தக் காலத்தில் இதைத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்த மண் தானாக எரியாது, சூட்டையும் கடத்தாது. அதனாலேயே அடுப்புக்காரர்களும் எடுத்திருக்கிறார்கள். சித்தப்பா சரியான மண்ணைத்தான் அடையாளம் கண்டார்.

பிட்டர் திரும்ப வந்து மேல்தகட்டைக் கழற்றி, அந்த ஒரு சாண் காலி இடத்தில் பொடியைக் கொட்டி அடைத்தார். பொடி ஐந்தரை மூட்டை தேறியது. மீதி இடத்துக்கு அம்மா அரிசி மில்லிலிருந்து உமிச் சாம்பல் வாங்கிச் சலித்துப் போட்டாள். மறுநாள் சாயங்காலம் வெளித்தகட்டில் நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். உள்ளே போன சூடு வெளியேற வழியில்லாமல் இரும்பிலேயே நின்றது. இடது மூடியைத் தூக்கினால் பால் ஏழு நிமிடத்தில் பொங்கியது. வலதுபக்கம் சாந்தமான சூடு. குழம்பு அங்கே கொதிக்காமல் கூடிவரும். பருப்பை மேலே ஒரு கொதி விட்டு, கீழ் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால் மறந்துவிடலாம். எடுக்கும்போது கடையவே வேண்டாம். அம்மா இடது தட்டைத் துடைத்து எண்ணெய் தடவி நேராக அதிலேயே தோசை ஊற்றினாள். ஒரே நேரத்தில் இரண்டு. நாற்பது இருமல் ஆறாகக் குறைந்தது. அந்த அடுப்பில் இன்று மிச்சம் ஒரு மூடிதான். மாடியில் தண்ணீர் டிரம்மின்மேல் கிடக்கிறது.

அப்பா மாமாவுக்கு வர வேண்டாம் என்று எழுதிவிட்டார். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் அம்மா அவரிடம் சொன்னாள்.

"நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்."

"இப்ப எதுக்கு? அதான் அடுப்பு நல்லா இருக்கே."

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு. காலைல ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. சாம்பல மறக்காம வாருங்க. பக்கத்து வீட்டு மதினி வந்து சமைச்சுத் தருவாக" என்றாள். எந்தத் தேதிக்குத் திரும்புவாள் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம்.

அதுவரை அடுப்பங்கரைக்குள் செருப்புக் காலோடு எட்டிப் பார்க்க மட்டுமே வந்தவர், தினம் இரண்டு வேளை குந்தி உட்கார்ந்து சாம்பல் வாரினார். வேட்டியில் நான்கு இடத்தில் பொத்தல் விழுந்தது. அம்மாவிடமிருந்து இரண்டு கார்டு வந்தது, இரண்டும் அக்காவுக்கு. முப்பத்தெட்டாம் நாள் காலை அப்பா வாளியில் கரியை அள்ளினார். அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே வைத்துவிட்டு, அக்காவைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார். என்னைச் சட்டை மாற்றச் சொன்னார்.

தூத்துக்குடியில் மாமா வீட்டுக் கூடத்தில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாமா, "வாங்க மாப்ள, உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்றார்.

அப்பா உட்காரவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மாமாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"அன்னிக்கி அந்தப் பொடியத் தீயில போடச் சொன்னது நான் இல்ல மச்சான். இவளாத்தான் போட்டா. நான் தெரு முனையில நின்னேன்."

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பொடி?" என்றார்.

அம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

"அடுப்பு?"

"கரி போடல. இந்நேரம் அணைஞ்சிருக்கும்."

"அணைஞ்சா மறுபடி சூடேற ஒரு நாள் முழுக்க ஆகுமே."

"ஆகட்டும். ஒரு நாள் ஓட்டல்ல வாங்கிக்கிடலாம்."

அம்மா எழுந்து சேலையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய இரண்டு சேலையையும் எடுத்து மடித்துக்கொண்டு வந்தாள்.

அப்பாவுக்குப் போக ஒன்று, வர ஒன்று. எனக்கு அரை டிக்கெட் இரண்டு. அம்மாவுக்கு வர மட்டும் ஒன்று. எல்லாம் மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டு ரூபாய் நாற்பது நயா பைசா.